மூன்றாவது மடை

அன்புள்ள ஐயா,

நான் சிவகங்கை மாவட்டத்துக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஊர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி. பிறகு பி.எஸ்சி. அக்ரி. மூன்று வருடமாகக் கண்மாய் மராமத்து செய்யும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். ஜி.பி.எஸ். கருவியோடு ஊர் ஊராகப் போய் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் மடை, உபரிநீர் வழியும் கலுங்கு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றுவது என் வேலை. வெளிநாட்டில் நீர் மேலாண்மையில் முதுநிலை படிக்க ஆசை. கையில் காசு இல்லை.

போன வருடம் ஒரு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கே கூப்பிடவில்லை. அப்பா, "கையேந்திப் படிக்கிற படிப்பு எதுக்கு?" என்கிறார். எனக்கும் எழுதும்போது கூசத்தான் செய்கிறது. ஒரு பக்கம் என்னைப் பற்றி நானே பீற்றிக்கொள்ள வேண்டும், இன்னொரு பக்கம் ஏழை என்று அழ வேண்டும். எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா? போன வருடக் கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். ஒரு கண்மாயில் மூன்று மடையும் நன்றாக இருப்பதாக வரைபடத்தில் குறித்தேன். பக்கத்தில் நின்ற, ஊர் வயல்களுக்கு மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சித் தாத்தா, "மூணாவது மடை தொறந்து பதினோரு வருசமாச்சு தாயி, ஒம் படத்துலதான் தண்ணி பாயுது" என்றார். மூன்று நாள் தூக்கம் வரவில்லை. இதையெல்லாம் கட்டுரையில் எழுதலாமா என்று தெரியவில்லை.

ச.

அன்புள்ள ச.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன், கட்டுரையை ஒரு முறை. அதற்குமேல் கட்டுரையைப் படிக்க முடியவில்லை, மன்னியுங்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அப்பா சொன்னது. 1913 ஜனவரியில் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். சென்னைத் துறைமுகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளம், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று இரண்டு மூன்று வரியில் தன் நிலையைச் சொல்லிவிட்டு, தான் கணிதத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதற்குப் போய்விடுவார். அதிகம் பேர் கவனிக்காதது, பிப்ரவரி 27-ஆம் தேதி அவர் எழுதிய இரண்டாவது கடிதம். தான் ஏற்கெனவே பாதிப் பட்டினி கிடக்கிறவன், மூளையைக் காப்பாற்றிக்கொள்ளச் சோறு வேண்டும், முதல் கவலை அதுதான் என்கிறார். நீங்கள் ஆதரவாக ஒரு கடிதம் எழுதினால், பல்கலைக்கழகத்திடமோ அரசாங்கத்திடமோ உதவித்தொகை பெற எனக்கு உதவியாக இருக்கும் என்றும் கேட்கிறார். நாம் இன்று பேராசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிற பரிந்துரைக் கடிதம்தான் அது. அவர் தயங்கவில்லை.

அந்தக் கடிதத்துக்கு முந்தின நாள்தான் வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், ராமானுஜன் செய்துவைத்திருந்ததைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருந்தார். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கவனிக்காமல் கிடைத்த உதவித்தொகையையும் பறிகொடுத்தவர். இருந்தும் விதியைத் தளர்த்தி, மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய், இரண்டு வருடத்துக்கு என்று கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்தார் என்று அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் கப்பல் ஏறுவதற்குள் மூன்று அறிக்கைகள் கொடுத்துவிட்டார். பணம் கொடுத்தவர்கள் வேலையைக் கேட்டார்கள், இவர் வேலையைக் காட்டினார். இதில் கையேந்தல் எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். நான் கேட்டதாகவே சொல்லுங்கள்.

சரி, உங்கள் கட்டுரை. அதன் முதல் வரி: "சிறுவயது முதலே நீர் மேலாண்மையில் எனக்குத் தீராத ஆர்வம் உண்டு." (ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறீர்கள், நான் தமிழில் சொல்கிறேன்.) சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்வுக்குழுவில் இருந்தேன். எந்த அமைப்பு என்பது வேண்டாம். ஒரு சனிக்கிழமை காலை, மேசையில் அறுபது விண்ணப்பங்கள். 'சிறுவயது முதலே' வரும்போதெல்லாம் ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன். மதியச் சாப்பாட்டுக்குள் பத்தொன்பது கோடுகள். அந்தப் பத்தொன்பது பேரில் எத்தனை பேர் கெட்டிக்காரர்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர்கள் தெரியவிடவில்லை.

ஆறு வயதில் யாருக்கும் நீர் மேலாண்மையில் ஆர்வம் இருந்ததில்லை, கண்மாயில் குதிப்பதில்தான் இருந்தது. உங்கள் விண்ணப்பம் நீர்பாய்ச்சித் தாத்தாவிடம் இருக்கிறது. தயங்கித் தயங்கிக் கடிதத்தின் கடைசியில் எழுதினீர்களே, அதுதான் முதல் பத்தி. படத்தில் திறந்திருக்கும் மடை, மண்ணில் மூடிக்கிடக்கிறது. நீங்கள் குறித்ததில் ஒரு தப்பு. அதை ஒரு கிழவர் ஒரே வாக்கியத்தில் பிடித்தார். அடுத்த நாள் நீங்கள் என்ன செய்தீர்கள்? படத்தைத் திருத்தினீர்களா? மற்ற ஊர்களில் குறித்த மடைகளையும் போய்ப் பார்த்தீர்களா? மடை ஏன் மூடியது? மண்மேவியதா, கீழே வயல்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்களா, வழக்கா? இதையெல்லாம் எழுதினால், உங்களுக்கு என்ன தெரியாது என்பதும் தானாக வந்துவிடும். மூவாயிரம் பேர் பாசனம் செய்கிற ஒரு நீர்நிலையைச் செயற்கைக்கோள் படத்தையும் நீர்பாய்ச்சியின் நினைவையும் சேர்த்து எப்படி அளப்பது என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தரும் படிப்பு எது, அங்கே எந்தப் பாடம் என்று அடுத்த பத்தியில் வரும்போது, படிக்கிறவருக்கு நீங்கள் ஏன் கேட்கிறீர்கள் என்பது புரிந்திருக்கும்.

இன்னொன்று கவனித்தேன். கட்டுரை முழுக்க 'நாங்கள்'. எங்கள் குழு வரைபடம் எடுத்தது, எங்கள் நிறுவனம் தூர்வாரியது. நம் வளர்ப்பு அப்படி, 'நான்' என்று வாயைத் திறந்தாலே பெரியவர்கள் முறைப்பார்கள். ஆனால் அவர்கள் உங்கள் நிறுவனத்தைப் படிக்க அனுப்பப்போவதில்லை. 'நான்' என்பது தற்பெருமையாகப் பட்டால் அதன் பக்கத்தில் ஒரு எண்ணைப் போடுங்கள்: எத்தனை கண்மாய்களுக்கு நீங்களே நடந்து போனீர்கள், அதில் எத்தனை பேரோடு உட்கார்ந்து பேசினீர்கள். எண் இருக்கும் இடத்தில் பீற்றலுக்கு இடமிருக்காது. ஏழ்மைக்கும் ஒரு வரி போதும். அதை நிரூபிக்க வருமானச் சான்றிதழ் இருக்கிறது, கட்டுரை அதற்கல்ல.

முதலில் தமிழில் எழுதுங்கள். எழுதி முடித்ததும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாகப் போடுங்கள். அகராதியில் தேடி எடுத்த பெரிய வார்த்தைகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும்.

பட்டியல் கேட்டீர்கள். நீளமான பட்டியல் தரமாட்டேன், அடுத்த வருடமே அது பழசாகிவிடும். உங்களுக்குப் பொருந்துவதாகத் தோன்றும் நாலைந்தை மட்டும் சொல்கிறேன். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு 2,800 மணிநேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், உங்களிடம் தாராளமாக இருக்கிறது. படிப்பு முடிந்ததும் ஊர் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். உங்கள் வேலைக்கு அது தண்டனையே இல்லை. வளரும் நாடுகளில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வைத்திருக்கும் முதுநிலைப் படிப்புகளைப் பாருங்கள். இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், கடைசிப் பட்டம் ஆறு வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. அதனால் ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள். அமெரிக்காவில் படிக்க ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை இருக்கிறது, அதில் முதுநிலைக்கு மூன்று வருட அனுபவம் வேண்டும். அமெரிக்கப் பட்டத்துக்குச் சமமான நான்கு வருடப் படிப்பும் வேண்டும். பி.எஸ்சி. மூன்று வருடம் படித்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள், அக்ரி படித்த நீங்கள் தப்பித்தீர்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் என்றால் இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம், மாதம் 1,400 யூரோ. நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் தண்ணீருக்கென்றே ஒரு கல்வி நிறுவனம் 1957 முதல் இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தை உட்கார்ந்து படியுங்கள், விண்ணப்பிக்காவிட்டாலும் கட்டுரைக்கு உதவும்.

நீங்கள் எந்தப் பிரிவு என்று எழுதவில்லை, எழுதவும் வேண்டாம். பட்டியல் சாதியினர் என்றால் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள். ஆனால் 2022-இல் அதில் ஒரு விதி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு இவற்றுக்குப் பணம் கிடையாது. இந்தியாவைப் பற்றி இங்கேயே படிக்கலாமே என்பது வாதம். அம்பேத்கர் இந்திய ரூபாயைப் பற்றி லண்டனில்தான் ஆய்வு செய்தார் என்பதை அவர்களுக்கு யாராவது நினைவுபடுத்தியிருக்கலாம். அவர் முதலில் நியூயார்க் போனதே 1913-இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில்தான். உங்கள் தலைப்பு கண்மாய் மரபு என்று மட்டும் நின்றால் இந்த விதியில் சிக்கும். நீரியல் என்றே வையுங்கள். அந்தந்த வருட விதியை அவர்கள் தளத்திலேயே படியுங்கள், என்னை நம்பாதீர்கள்.

டாடா பெயரில் 1892 முதல் இருப்பது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டும். பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் டாடா உதவித்தொகையில்தான் லண்டன் போய்ப் படித்தார். நல்ல இடம்தான், கடன் என்று தெரிந்துகொண்டு போங்கள். அப்புறம், 'உங்களுக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது, விடுவிக்க இவ்வளவு கட்டுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பதிலே போடாதீர்கள்.

காகிதங்கள். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். இன்றைக்கே உட்கார்ந்து பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், ஆதார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். நமக்கு முன்னெழுத்து இருக்கிறது, குடும்பப் பெயர் இல்லை. வெளிநாட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கமே திறக்காது. நான் உதவித்தொகையில் வெளிநாடு போனபோது என் மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அது அப்பாவின் முழுப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பி, அது போய்ச் சேர்ந்து முதல் தவணை வர ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை அங்கே ரொட்டியும் வாழைப்பழமும்தான். அந்த ஊரில் ஆறு மாதமும் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர்தான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத்தலைவரிடம் போக வேண்டாம். அவருக்கு உங்கள் முகமே நினைவிருக்காது, 'ஒழுக்கமும் பணிவும் உள்ள மாணவி' என்று எழுதிக் கொடுப்பார். பணிவுக்கு எவரும் பணம் தருவதில்லை. உங்கள் புராஜெக்ட்டைப் பார்த்த ஆசிரியரையும், இப்போது வேலையில் உங்களோடு வெயிலில் நின்றவரையும் கேளுங்கள். கேட்கும்போது இந்த மடைக் கதையை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள், எதைப் பற்றி எழுதுவது என்று அவர்களுக்கும் தெரியும். கடைசித் தேதிக்கு ஆறு வாரம் முன்னால். இரண்டு நாள் முன்னால் போய் நிற்காதீர்கள்.

தங்கைக்குப் புதுமைப் பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் வரவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் கையால் எழுதியிருந்தீர்கள். கொடுத்த கணக்கு எண் சரியாக இருக்கும். ஆதார் வழியாக வரும் பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது, ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக்குத்தான் போகும். எப்போதோ தொடங்கி மறந்துபோன கணக்கு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பணம் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

செவனிங் வழக்கமாக ஆகஸ்ட் வாக்கில் திறக்கும். ஜூலைக்குள் புதுக் கட்டுரையை எழுதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். போன வருடம் நேர்காணலுக்குக் கூப்பிடாததைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கட்டுரைக்கு நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

அந்த மூன்றாவது மடை இப்போது திறந்திருக்கிறதா? அதைச் சொல்லாமலே கடிதத்தை முடித்துவிட்டீர்கள்.