வாசகர் கேள்வி பதில்: தாலி முதலில், எழுத்து பிறகு என்றால்?

கேள்வி: எங்கள் ஊரில் 15 வயதுப் பிள்ளை ஒருத்தியைப் பாடசாலையிலிருந்து மறித்து, உறவுக்காரப் பையனுக்குக் கோயிலில் தாலி கட்டிவைக்க நாள் குறித்திருக்கிறார்கள். பெற்றோர் சம்மதித்தால் சட்டம் தடுக்காது, எழுத்தை, அதாவது விவாகப் பதிவை, 18 வயதில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இது சரியா? முறையிட்டால் அயலில் பகை வந்துவிடுமே என்றும் அஞ்சுகிறேன்.
– வாசகி, ஈச்சிலம்பற்று, திருகோணமலை

பதில்: சரியில்லை, சகோதரி. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொதுவான விவாகச் சட்டத்தின் கீழ் இருவரும் 18 வயதைப் பூர்த்தி செய்திராவிட்டால் அந்த விவாகம் செல்லுபடியாகாது. பெற்றோரின் சம்மதமோ ஐயரின் மந்திரமோ அந்தக் குறையை நிவர்த்தி செய்யாது. ஆகவே எழுத்து வரை அவள் சட்டத்தின் பார்வையில் மனைவியல்லள். இடையில் அவன் கைவிட்டுப் போனால், மனைவி என்ற முறையில் தாபரிப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறவும் அவளுக்கு வழியிராது. அத்துடன், செல்லுபடியான விவாகம் இல்லாத நிலையில் 16 வயதுக்குட்பட்ட சிறுமியுடன் கொள்ளும் உடலுறவைத் தண்டனைச் சட்டக்கோவை, அவள் சம்மதித்திருந்தாலும், பாலியல் வல்லுறவாகவே கொள்கிறது. தாலி கட்டும் பையனை எங்கே நிறுத்துகிறோம் என்பதை அவனுடைய பெற்றோரும் அறிய வேண்டும்.

போர்க்காலத்தில், ஆட்சேர்ப்பிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றவென்று அவசர அவசரமாகத் தாலி கட்டிவைத்த குடும்பங்கள் நம் பகுதியில் இருந்தன. அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இன்று அந்தக் காரணம் இல்லை. 16 வயது வரை கல்வி கட்டாயமென்று விதியும் இருக்கிறது.

நாள் வரும்வரை காத்திராதீர்கள். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் உடனே சொல்லுங்கள். அதிபருக்கும் தெரியப்படுத்துங்கள், ஏனெனில் பிள்ளை வகுப்புக்கு வராததை முதலில் காண்பவர்கள் ஆசிரியர்களே. பகைக்கு அஞ்சினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழையுங்கள். இரவிலும் அழைக்கலாம், கட்டணமில்லை, உங்கள் பெயரைச் சொல்லவும் தேவையில்லை.

கேள்வி: இந்த 18 வயது எல்லை முஸ்லிம் பிள்ளைகளுக்கும் உண்டா?
– வாசகர், கிண்ணியா

பதில்: 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயது எதனையும் விதிக்காமல், 12 வயதுக்குட்பட்ட சிறுமிக்குக் காதியாரின் (முஸ்லிம் விவாக விடயங்களை விசாரிக்கும் நீதிபதியின்) அனுமதி வேண்டும் என்று மட்டுமே கூறியது. இதைத் திருத்தக் கோரி முஸ்லிம் பெண்களே பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அவர்களுடைய கோரிக்கை முற்றிலும் நியாயமானது. எனினும் அதிகார சபையின் சட்டத்தில் சிறுவர் என்றால் 18 வயதுக்குட்பட்ட எவரும் அடங்குவர். கட்டாயக் கல்வி விதியும் சமயம் பார்ப்பதில்லை. எனவே பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறிக்கும்போதே நீங்களும் 1929ஐ அழைக்கலாம்.