யூரின் பேக் கோடிங்: அக்காவிடம் கேளுங்கள்

இந்த வாரம் அமெரிக்க மெடிகேரின் (முதியோர், உடல் ஊனமுற்றோருக்கான அரசு இன்ஷூரன்ஸ்) டிஎம்இ கிளெய்ம்களில், அதாவது வீட்டில் பயன்படுத்தும் மருத்துவச் சாதனங்களுக்கான பில்களில், வரும் யூரின் பேக், அதைச் சேர்ந்த சாமான்கள் மட்டும். ஏ-யில் தொடங்கும் எண்கள் அந்தச் சாமான்களின் பில்லிங் கோடுகள். டாக்டர் விசிட் கோடுகளை இங்கே கொண்டுவராதீர்கள்.

சார்ஜ் என்ட்ரி, சென்னை: அக்கா, ஏ4357, ஏ4358, ஏ5112 மூணுமே பைதானே? எதை எப்போ போடணும்?

ஏ4357 கட்டிலோரம் தொங்குகிற பை. பகலோ இரவோ, டியூப் இருக்கிறதோ இல்லையோ, சிறுநீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் ஆன்டி ரிஃப்ளக்ஸ் வால்வு இருக்கிறதோ இல்லையோ, கோட் ஒன்றுதான். வால்வுக்குத் தனிக் காசு கிடையாது. ஏ4358 காலிலோ வயிற்றிலோ கட்டுகிற வினைல் பை, ஸ்ட்ராப்பும் அதற்குள்ளேயே அடக்கம். ஏ5112 அதே மாதிரிக் காலிலோ வயிற்றிலோ கட்டுகிற லேடெக்ஸ் பை. கட்டிலோரம் பைக்குப் பதில் பாட்டில் என்றால் ஏ5102.

வழக்கமான அளவு: மாதத்துக்கு ஏ4357 இரண்டு, ஏ4358 இரண்டு, ஏ5112 ஒன்று. ஏ5102 மூன்று மாதத்துக்கு ஒன்று. இதைத் தாண்டினால் ஏன் தாண்டியது என்று மெடிக்கல் ரெக்கார்டில் இருக்க வேண்டும். "பேஷன்ட் கேட்டார்" என்பது காரணமாகாது.

நடமாடுகிறவருக்கும் வீல்சேரில் இருப்பவருக்கும் பகலில் கால் பை, இரவில் கட்டில் பை என இரண்டும் போகலாம். எழவே முடியாமல் படுக்கையில் இருக்கிறார் என்று ரெக்கார்ட் சொன்னால் கால் பைக்குப் பணம் வராது. கோடைத் தேடும் முன் ரெக்கார்டைப் படியுங்கள். இதை இன்றைக்கு இன்னும் நாலு தடவை சொல்வேன்.

கோவை: பெட்டியில 20 பை. யூனிட் 1 தானே அக்கா?

இல்லை. யூனிட் என்பது ஒரு பை. பெட்டியை எண்ணாதீர்கள்.

ஏ.ஆர். காலர் (வராத பணத்தைக் கேட்டு இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்கிறவர்), திருச்சி: ஏ4358 கூட ஏ5114 ஸ்ட்ராப் போட்டோம், சிஓ-97 வந்துடுச்சு.

வரத்தான் செய்யும். சிஓ-97 என்றால் இதற்கான பணம் இன்னொரு லைனிலேயே அடங்கிவிட்டது என்கிற மறுப்பு. ஏ5113, ஏ5114 இரண்டும் பழைய ஸ்ட்ராப்பை மாற்றும்போது மட்டும் போடுகிறவை. புதுப் பை ஸ்ட்ராப்போடுதான் வருகிறது.

மதுரை: ஏ4314 + ஏ4357, ரெண்டாவது லைன் டினையல். அதே சிஓ-97.

ஏ4314 கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) செருகுவதற்கான ட்ரே. ட்ரேக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏ4310-இல் கதீட்டரும் இல்லை, பையும் இல்லை. ஏ4311 முதல் ஏ4313 வரை கதீட்டர் உண்டு, பை இல்லை. ஏ4314 முதல் ஏ4316 வரை இரண்டும் உண்டு. ஏ4354-இல் பை மட்டும். மும்மூன்று கோடாக வரும் அந்த இரண்டு வரிசைகளிலும் முதலாவது பூச்சுள்ள லேடெக்ஸ், அடுத்தது முழு சிலிகான், கடைசி மூன்று வழி கதீட்டர். உங்கள் ட்ரேயில் பை ஏற்கெனவே இருக்கிறது, அதையே மறுபடி விற்கப் பார்த்திருக்கிறீர்கள்.

திருச்சி: 59 மாடிஃபையர் போட்டா போயிடும் அக்கா. எங்க டீம்ல எல்லாரும் போடுறாங்க.

59 தனித்த புரொசீஜரைக் காட்டத்தான். பைக்கு ஏது புரொசீஜர்?

திருச்சி: பேமென்ட் வருதே!

வரும். பிறகு ஆடிட்டில் பிடித்துத் திருப்பி வாங்குவார்கள். வந்த பணமெல்லாம் சரியான பணம் என்று யார் சொன்னது?

மதுரை: அப்போ பத்து நாள் கழிச்சு தனியா அனுப்பின பை?

இது நியாயமான கேள்வி. அது வேறு டேட் ஆஃப் சர்வீஸ். டாக்டர் ஆர்டரில் அந்தப் பையும் எண்ணிக்கையும் இருக்க வேண்டும், டெலிவரி சான்று இருக்க வேண்டும், மாத அளவுக்குள் அடங்க வேண்டும். அப்போதும் 59 தேவையில்லை, திருச்சித் தம்பி.

சேலம்: ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரம் மட்டும் கதீட்டர். ஆர்33.9 இருக்கு. போகுமா?

போகாது. மெடிகேர் இவற்றைப் புராஸ்தெடிக் சலுகையில்தான், அதாவது செயலிழந்த உறுப்புக்கு ஈடான சாதனம் என்ற கணக்கில்தான், தருகிறது. சிறுநீர்த் தேக்கமோ கசிவோ நிரந்தரமாக இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் மருந்தாலோ ஆபரேஷனாலோ சரியாகும் என்று எதிர்பார்க்க முடியாத நிலை, அதுதான் இங்கே நிரந்தரம். ஆர்33.9 என்ற நோய்க் கோட் சிறுநீர்த் தேக்கம் என்று சொல்லும், எத்தனை நாளுக்கு என்று சொல்லாது. அதை டாக்டரின் குறிப்புதான் சொல்ல வேண்டும்.

புதுச்சேரி: மாசத்துக்கு எத்தனை கால் பை?

மேலே இருக்கிறது.

ஈரோடு: ஆர்டர் சரி, அளவு சரி, நிரந்தரமும் இருக்கு. ஆனாலும் டினையல்.

பேஷன்ட் ஹோம் ஹெல்த்தில் (ஏஜென்சி வீட்டுக்கே வந்து தரும் சிகிச்சை) இருக்கிறாரா பாருங்கள். அவர் அதில் இருக்கும் நாட்களில் இந்தப் பைகள் ஹோம் ஹெல்த் ஏஜென்சிக்குப் போகிற பேமென்டிலேயே அடங்கிவிடும், சப்ளையருக்குத் தனியாக வராது. அனுப்பிய பிறகு எலிஜிபிலிட்டி பார்த்து என்ன பயன்? முன்பே பாருங்கள்.

நெல்லை: மெடிகெய்டுக்கும் இதே அளவா?

மெடிகெய்டு குறைந்த வருமானக்காரர்களுக்கு மாநிலங்கள் நடத்துகிற இன்ஷூரன்ஸ், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு. அந்த மாநில மேனுவலைப் பாருங்கள்.

கோவை: ரீஃபில் மாசாமாசம் தானா அனுப்பலாமா?

கூடாது. ரீஃபில் வேண்டுமா என்று பேஷன்ட்டையோ பார்த்துக்கொள்கிறவரையோ கேட்டுப் பதிவு செய்த பிறகே அனுப்ப வேண்டும். கையிருப்பு தீரும் நாளுக்கு 30 நாளுக்கு முன் கேட்கக் கூடாது, 10 நாளுக்கு முன் டெலிவரி ஆகக் கூடாது. கேட்பதற்கு 14 நாள் என்று இருந்த பழைய செக்லிஸ்ட்டைக் கிழித்துவிடுங்கள், 2024 ஜனவரியிலேயே மாறிவிட்டது.

தஞ்சாவூர்: கால் பை மாசத்துக்கு ரெண்டா, மூணா அக்கா?

புதுச்சேரியைக் கேளுங்கள், இதற்குள் படித்திருப்பார்.