கேரம் ஆடி என்ன கிடைக்கும்? – கடிதம்

வணக்கம் ஐயா,

கேரம் உலகக் கோப்பையில் வென்ற காசிமாவுக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்த செய்தி வந்ததிலிருந்து என் மகள் கேரம் போர்டை விட்டு எழுந்திருப்பதில்லை. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மாவட்டப் போட்டியில் இரண்டாமிடம் வந்தாள். “உட்கார்ந்து சுண்டுறதெல்லாம் ஒரு விளையாட்டா? பத்தாவதுக்கு முன்னாடி நிறுத்திடணும்” என்கிறார் அவள் அப்பா. உலக சாம்பியனே ஆனாலும் அப்புறம் என்ன? இதை நம்பி ஒரு பெண் வாழ முடியுமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

பரிசுப் பணத்தை நம்பி வாழ முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரம் ஆட்டக்காரர்களுக்குச் சோறு போடுவது கோப்பை அல்ல, கோப்பையால் கிடைக்கும் வேலை.

தேசியப் போட்டியின் அணிப் பட்டியலைப் பாருங்கள். தமிழ்நாடு, மகாராஷ்டிரம் என்று மாநிலங்கள் வரும். அவற்றோடு ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி., பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியம் என்றும் வரும். அந்த அணிகளில் ஆடுகிறவர்கள் அங்கே வேலை பார்ப்பவர்கள்தான். உலகப் பட்டமும் தேசியப் பட்டமும் பலமுறை வென்ற ரஷ்மி குமாரி பீகார்க்காரர், ஓ.என்.ஜி.சி. ஊழியர். மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் கேரமும் இருக்கிறது. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். ஒரு கோடியைவிட இந்தத் தகவல்தான் அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு கோடி நல்ல காரியம்தான். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவுக்கு, சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளுக்கு, அதைக் கொடுத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். சென்னை வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்ஸின் கான் நகரத்தில் உலக சாம்பியன் ஆனவர். அவர் அப்பா மீன்பாடி வண்டி ஓட்டியவர். ஊரும் உழைப்பும் கிட்டத்தட்ட அதேதான். இளவழகிமேல் அன்று இத்தனை வெளிச்சம் விழவில்லை. அரசின் பார்வை எந்த ஆண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரால் சொல்ல முடியும்? சென்னை கேரம் ஆட்டக்காரர் மரிய இருதயம் 1991இல் டெல்லியிலும் 1995இல் கொழும்பிலும் உலகப் பட்டம் வென்ற பிறகுதான், 1996இல், அர்ஜுனா விருது வந்தது. இத்தனைக்கும் சர்வதேச கேரம் சம்மேளனமே 1988இல் சென்னையில் பிறந்ததுதான்!

அப்புறம் அந்த “உட்கார்ந்து சுண்டுறது”. இதற்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் வீட்டில் ஆடும்போது எழுந்து நிற்போம், நாற்காலியை நகர்த்துவோம், பக்கவாட்டில் சாய்ந்து குறி பார்ப்போம். போட்டியில் இது எதுவும் கிடையாது. நாற்காலி போட்ட இடத்திலேயே இருக்க வேண்டும். முழங்கை எல்லை தாண்டினால் ஃபவுல். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு ஆட்டம் என்றால் 25 பாயிண்ட், இல்லாவிட்டால் எட்டு போர்டு (காய்களை ஒருமுறை அடுக்கி ஆடி முடிப்பது ஒரு போர்டு). மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அவ்வளவு நேரமும் முதுகும் கண்ணும் ஒரே நிலையில் நிற்க வேண்டும்.

நல்ல ஆட்டக்காரரிடம் பார்க்க வேண்டியது அவர் போடும் காயை அல்ல, போடாமல் விடும் காயை. பாக்கெட் வாயில் தன் காய் தயாராக நிற்கும். சுண்டினால் விழும். அவர் தொடமாட்டார். எதிராளியின் காய் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும், இவர் காய் நிற்கும்வரை போக முடியாது. வேறெங்கோ ஒட்டிக் கிடக்கும் கொத்தை மெல்லத் தட்டிப் பிரித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வார். தெருவில் ஆடும்போது நமக்கு நடுவில் இருக்கும் சிவப்புக் காயான ரெட்டின் மேல்தான் கண். அதைப் போட்டு, ஃபாலோவாக அடுத்து ஒரு காயும் போட்டால் ராஜாதான். இங்கே 22 பாயிண்ட் எட்டியவருக்கு ரெட்டுக்கான மூன்று பாயிண்ட் சேராது. ஆனால் பின்தங்கியிருக்கும் எதிராளிக்கு அது சேரும். ஆகவே தனக்குப் பயனில்லாத ரெட்டை அவன் எடுத்துவிடாமலிருக்க இவர் பாடுபடுவார். எட்டாம் வகுப்புப் பிள்ளை இதையெல்லாம் யோசிக்கப் பழகினால் கணக்குப் பாடத்துக்குக் கேடு வராது.

பத்தாம் வகுப்போடு நிறுத்துவது பற்றி: உங்கள் மகள் மாவட்டத்தில் இரண்டாமிடம்தான் வந்திருக்கிறாள். அதை வைத்து உலக சாம்பியன் ஆவாளா என்று நானும் சொல்ல முடியாது, அவள் அப்பாவும் சொல்ல முடியாது. பரீட்சை நெருங்கும் மாதங்களில் நேரத்தைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். கேரமில் நாற்பது வயதிலும் பட்டம் வெல்கிறார்கள், அவசரமே இல்லை. சப்-ஜூனியர், ஜூனியர் மாநிலப் போட்டிகளுக்கு மாவட்டச் சங்கம் வழியாகப் பெயர் கொடுங்கள். வீட்டில் இருக்கும் போர்டு சின்னதாக இருந்தால், வாரத்தில் சில நாளாவது 29 அங்குலப் போட்டிப் போர்டில் ஆட ஒரு கிளப்பில் சேர்த்துவிடுங்கள். சின்ன போர்டில் பழகிய கை பெரிய போர்டில் கட் ஷாட்டை நிச்சயம் தவறவிடும். சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். கல்லூரி இடத்துக்கோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது, எந்த ஆண்டு எந்தப் போட்டி என்று தேடி அலைய வேண்டியிருக்காது.