மைக்ராஸ்கோப் படம் பார்த்துப் பிழைக்க முடியுமா?

வணக்கம் அம்மா. பி.எஸ்சி. பயோடெக் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், மைக்ராஸ்கோப் படங்களில் செல்லைக் கம்ப்யூட்டர் வைத்து அளக்கும் வேலைக்குப் போவேன் என்கிறாள். அப்படியும் ஒரு வேலையா என்று கேட்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் விளம்பரம் வருவது அபூர்வம். ஆராய்ச்சிக் கூடத்தில் புராஜெக்ட் அசோசியேட், மருந்து கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட் என்று வேறு பெயரில் ஒளிந்திருக்கும். ஆரம்பத்தில் பெரும்பாலும் கான்ட்ராக்ட்தான், அதையும் மறைக்கவில்லை.

ஐஐடி மெட்ராஸின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தாரணி’ என்ற மூளைப் படத் தொகுப்பில், கருவிலிருக்கும் சிசு மூளையின் சீவல்கள் மட்டும் 5,132. அவற்றிலுள்ள செல்களை யார் உட்கார்ந்து எண்ணுவது? எண்ணினாலும் ஆளுக்கொரு கணக்கு வரும்.

கோர்ஸ் எதற்கும் இப்போது பணம் கட்டாதீர்கள். படத்தில் செல்லை எண்ணி அளக்கும் மென்பொருள்களான செல்புரொஃபைலர், இமேஜ்ஜே இரண்டுமே இலவசம். அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிட்யூட் பயிற்சிக்கேற்ற படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் முதல் தொகுப்பு, குடல் புற்றுநோய் செல்களின் ஆறு படங்கள். இரண்டு பேர் கண்ணால் எண்ணிய கணக்கும் கூடவே இருக்கிறது. அவர்களுக்குள்ளேயே 11 சதவீத வித்தியாசம்!

மகள் அந்தப் படங்களை எண்ணிப் பார்க்கட்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு நியூக்ளியஸை, அதாவது செல்லின் உட்கருவை, மென்பொருள் ஒன்றாக எண்ணும். கோணலான ஒன்றை இரண்டாக வெட்டும். எவ்வளவு பிரகாசம் இருந்தால் செல் என்று எடுத்துக்கொள்வது என்ற எல்லையை, அதாவது த்ரெஷோல்டைக் கொஞ்சம் ஏற்றினால் மங்கலான செல்லெல்லாம் காணாமல் போகும். இறக்கினால் தூசியும் செல்லாகிவிடும். கம்ப்யூட்டருக்குப் பாரபட்சம் இல்லை, வாஸ்தவம். ஆனால் விதியைத் தப்பாகக் கொடுத்தால் ஆயிரம் படத்திலும் அதே தப்பை அலுக்காமல் செய்யும். அதைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குத்தான் சம்பளம்.

அதனால் கோடிங்குக்காக லேபை விட்டுவிட வேண்டாம். சாயம் சரியாக ஏறாத ஸ்லைடைக் கையால் செய்து பார்த்தவளுக்குத்தான் படத்தில் எது செல், எது கறை என்று பிடிபடும். பைத்தானும் புள்ளியியலும் தினம் ஒரு மணி நேரம் போதும். எம்.எஸ்சி.க்கு கேட்-பி, ஐஐடி ஜாம் என்ற நுழைவுத் தேர்வுகள் இரண்டையும் எழுதட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு படங்களோடு உட்காரச் சொல்லுங்கள். தன் கணக்கும் மென்பொருள் கணக்கும் எங்கே பிரிந்தன என்று உங்களிடம் படத்தைக் காட்டி விளக்கட்டும். விளக்கும்போது சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் எனக்கு ஒரு போன் போடுங்கள், மேற்படிப்பைப் பற்றி அப்போது பேசலாம்.