லூசியானா கழியில ஒரு நாள் தூண்டில் – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துல, நியூ ஆர்லியன்ஸுக்குத் தெற்கே இருக்குற உப்புக் கழிகள்ல, அதாவது புல்லும் வாய்க்காலுமா இருக்குற கடலோரச் சதுப்புல, கைடு வச்சு ஒரு முழு நாள் மீன் பிடிக்கிறதப் பத்திப் போன இதழ்ல எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விகள்ல எல்லாருக்கும் உதவுற மாதிரி இருந்ததுக்கு மட்டும் இங்க பதில் சொல்றேன்.

கே: அப்பா ஊர்ல இருந்து வர்றார், வயசு 68. சின்ன வயசுல ஏரியில தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. கூட்டிட்டுப் போக ஜூன் நல்லதா அக்டோபர் நல்லதா? அரை நாள் போதுமா? – ஒரு வாசகி, ஹூஸ்டன்

ப: அக்டோபர்மா, யோசிக்கவே வேணாம். ஜூன்ல மீன் கிடைக்காதுன்னு இல்ல, ஸ்பெக்கில்டு ட்ரவுட் அப்ப வெளிப்பக்கம் பெரிய பே (விரிகுடா) ஓரமா நல்லாவே கடிக்கும், ஆனா பத்து மணிக்கு மேல அந்த வெயிலும் புழுக்கமும் மத்தியானம் திடீர்னு திரண்டு வர்ற இடிமேகமும் 68 வயசுக்காரருக்கு எதுக்கு. அக்டோபர்ல வாடைக் காத்து தலை காட்ட ஆரம்பிச்சிடும், கோடையெல்லாம் கழிக்குள்ள வளர்ந்த வெள்ளை இறால் கூட்டம் கூட்டமா கடலப் பாத்துக் கிளம்பும், ட்ரவுட்டும் ரெட்ஃபிஷ்ஷும் அது பின்னாடியே துரத்திட்டு வரும், மேல கடல்காக்கா கூட்டமா கத்திக்கிட்டு தண்ணிய குத்துச்சுன்னா அதுக்குக் கீழ மீன் மேயுதுன்னு உங்கப்பா கைடு சொல்றதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிடுவார். ஒரே ஒரு விஷயம், ஃப்ளவுண்டர்னு நம்ம எருமைநாக்கு மாதிரி தட்டையா ஒரு மீன் இருக்கே, அத அக்டோபர் 15ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் அங்க எடுக்கக்கூடாது, மாட்டுனா தண்ணியிலயே விட்டுடணும்.

அரை நாள் நான் சொல்லமாட்டேன். அந்தக் கடற்கரையில கடல் தண்ணி ஒரு நாளைக்குப் பெரும்பாலும் ஒரே ஏத்தம், ஒரே வத்தம்தான், அதுவும் ஒரு அடி, ஒன்றரை அடிக்குள்ள. தண்ணி ஓடுற நேரத்துலதான் மீன் மேயும், நின்ன தண்ணியில நாள் பூரா போட்டாலும் தக்கை அசையாது. நாலு மணி நேரத்துக்குப் போய் அந்த நாலும் நின்ன தண்ணியா அமைஞ்சா யாரக் குத்தம் சொல்றது? எட்டு மணி நேரம் இருந்தா எப்படியும் ஓட்டம் ஒரு தடவ கையில கிடைக்கும்.

புக் பண்ணும்போதே அப்பா வயச சொல்லிடுங்க, உக்கார சாய்மானம் வச்ச, 'பே போட்'னு சொல்ற அகலமான படகா இல்ல 'ஸ்கிஃப்'னு சொல்ற தட்டையான சின்ன படகான்னு கேளுங்க. ஸ்கிஃப்ல பெரும்பாலும் நின்னுக்கிட்டுதான் பிடிக்கணும், உங்களுக்கு பே போட்தான் சரி. நிழலுக்கு மேல துணி உண்டா, பாத்ரூமுக்கு என்ன ஏற்பாடுன்னு கூச்சப்படாம கேளுங்க, நாள் பூரா தண்ணியில இருக்கப் போறீங்க. ரேட்டு பொதுவா தலைக்கு இல்ல, படகுக்குத்தான், அதுக்கு மேல டிப்ஸ் 15ல இருந்து 20 சதவீதம் குடுக்குறது அங்க வழக்கம். கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல் படை) லைசென்ஸ் வச்சிருக்குற கேப்டனான்னும் கேட்டுக்குங்க, அந்தச் சின்ன படகுக்காரங்களுக்கு இருக்குற லைசென்ஸ்ல காசு குடுத்து வர்ற ஆள் 6 பேர் வரைக்கும்தான் ஏத்தலாம். மீன்பிடி லைசென்ஸ் உங்களுக்கும் தனியா வேணும், கைடு கூடப் போறவங்களுக்குன்னே 3 நாள் லைசென்ஸ் இருக்கு, போன்லயே எடுத்துடலாம்.

கே: போன மாசம் போனோம். கைடு ஒரு இடத்துல பத்து நிமிஷம், இன்னொரு இடத்துல இருபது நிமிஷம்னு எஞ்சினப் போட்டு ஓடிக்கிட்டே இருந்தார், காலையில மூணு மணி நேரம் ஒண்ணுமே இல்ல, அப்புறம் ஒரு வாய்க்கா முனையில நிறுத்தி ஒரு மணி நேரத்துல பன்னிரண்டு ரெட்ஃபிஷ். அந்த இடம் அவருக்கு முன்னாடியே தெரியும்தானே, நேரா அங்க கூட்டிட்டுப் போகாம இழுத்தடிச்சாரா? – ஒரு வாசகர், டாலஸ்

ப: இழுத்தடிக்கல சார், அந்த ஆள் நல்லா வேலை பாத்திருக்கார். அந்த வாய்க்கா முனை அவருக்குத் தெரிஞ்ச இடம்தான், ஆனா காலையில அங்க மீன் இருந்திருக்காது.

கழிய மேல இருந்து பாத்தா பச்சைப் புல்லு, நடுவுல குட்டை, குட்டையில இருந்து வாய்க்கா, வாய்க்கா போய் பெரிய பேல சேரும். தண்ணி ஏறி புல்லுக்குள்ள நிக்கிறப்ப நண்டு, குட்டி இறால், மடவைக் குஞ்சு எல்லாம் புல்லுத் தண்டுக்கு இடையில ஒளிஞ்சுக்கும், ரெட்ஃபிஷ்ஷும் உள்ள புகுந்து அங்கங்க சிதறிக் கிடக்கும், தேடிப் பிடிக்கிறது கஷ்டம். வத்தம் ஆரம்பிச்சதும் அந்தக் குஞ்செல்லாம் வேற வழியில்லாம வாய்க்கா வழியா வெளிய வந்தாகணும், பெரிய மீன் இத நல்லா தெரிஞ்சு வச்சுக்கிட்டு வாய்க்கா வாயில, சுழிப்புக்கு ஓரமா, தலைய ஓட்டத்துக்கு எதிரா வச்சுக் காத்துக்கிட்டு நிக்கும். உங்க கைடு காலையில பூரா அந்த வத்தம் எந்தப் பக்கம் முதல்ல இழுக்குதுன்னுதான் பாத்துக்கிட்டு இருந்திருக்கார். இதுல ஏத்த வத்த நேரம் போட்டிருக்குற டைட் டேபிள மட்டும் நம்ப முடியாது, ஏன்னா அங்க ஒரு அடி ஏத்தத்த காத்து தூக்கி சாப்பிட்டுடும், தென்கிழக்குக் காத்து ரெண்டு நாள் அடிச்சா தண்ணி வத்தாமயே புல்லுக்குள்ள நிக்கும், வாடை அடிச்சா டேபிள்ல ஏத்தம்னு போட்டிருக்குற நேரத்துல சேறு தெரியும்.

அடுத்த தடவ போகும்போது ஒவ்வொரு இடத்துலயும் "இங்க ஏன் நிறுத்துனீங்க, இப்ப ஏன் கிளம்புறோம்"னு கேளுங்க. நல்ல கைடுன்னா சந்தோஷமா சொல்லுவார், நீங்க குடுக்குற காசுக்குப் பெரிய வரவே அதுதான்னு நான் நினைக்கிறேன். மீன் ஐஸ் பெட்டியோட முடிஞ்சிடும், தண்ணி எப்படி ஓடுதுன்னு பாக்கத் தெரிஞ்சா அப்புறம் எந்தக் கழிக்குப் போனாலும் உதவும்.

இன்னொண்ணு, கைடு "பத்து மணிக்கு, நாப்பது அடி"ன்னு கத்துனா கடிகாரத்தப் பாக்காதீங்க. படகோட மூக்கு 12 மணி, அதுல இருந்து இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி 10 மணி. அந்தத் திசையில அசையாம ஒரு நிமிஷம் பாத்தா தெரியும், முழங்கால் ஆழத் தண்ணியில செம்பு நிறத்துல ஒரு வால் மட்டும் வெளிய வந்து மெல்ல ஆடும், வால் அடியில கறுப்பா ஒரு பொட்டு இருக்கும், மீன் தலைய சேத்துல குத்தி நண்டு கிளறிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். அது தலை மேலயே தூண்டில போட்டா ஒரே பாய்ச்சல்ல சேறு கலங்கி ஓடிடும். அது போற பக்கமா நாலஞ்சு அடி முன்னால, கொஞ்சம் தாண்டியும் போட்டு, மெதுவா அது வழிக்குக் கொண்டு வந்து கீழ இறங்க விடணும், ரெட்ஃபிஷ்ஷுக்கு வாய் கீழ்ப்பக்கமா இருக்கு, அது மேயறது தரையில. தண்ணி மேல வெயில் பளபளப்ப மறைக்கிற போலராய்டு கண்ணாடி இல்லாம இதுல பாதி கூட கண்ணுக்குத் தெரியாது, தொப்பிய மறந்தாலும் அத மறக்காதீங்க.

கே: உயிர் இறால் நல்லதா, ரப்பர் மீன் நல்லதா?

ப: முதல் தடவைன்னா உயிர் இறால், மேல பாப்பிங் கார்க். அந்தத் தக்கைக்குக் கீழ ஒன்றரை ரெண்டு அடி நரம்பு, நுனியில முள்ளு. ரெண்டு தடவ வெடுக்குன்னு இழுத்தா "க்ளொப்"னு சத்தம் வரும், கம்பியில கோத்த மணி கலகலன்னு தட்டும், அங்க ஏதோ மீன் இறால அடிக்குதுன்னு நினைச்சு ட்ரவுட் வந்துடும். எல்லாரும் இழுக்குறதுல குறியா இருப்பாங்க, இழுத்துட்டு பத்து பதினஞ்சு எண்ணுற வரைக்கும் சும்மா விடணும், கடி அந்த சும்மாவுலதான் வரும். ட்ரவுட்டுக்கு வாய் மெல்லிசு, முரட்டுத்தனமா இழுத்தா கிழிஞ்சு போயிடும், படகு ஓரத்துல தூக்காம வலை போட்டு எடுங்க.

கே: நாங்க நாலு பேர். ஆளுக்கு 5 ரெட்ஃபிஷ், அதுல ஒண்ணு பெருசா இருக்கலாம், கைடு கணக்கும் சேத்தா 25 எடுக்கலாம்னு ஒரு நண்பர் சொன்னார், சரியா?

ப: அது பழைய கணக்குங்க. 2024 ஜூன் 20ல இருந்து லூசியானாவுல ஆளுக்கு 4தான், 18 இன்ச்ல இருந்து 27 இன்ச் வரைக்கும் மட்டும், 27க்கு மேல ஒண்ணு கூட கூடாது, கைடு கணக்குல எதுவும் எடுக்கக்கூடாது. ஆக உங்க படகுக்கு 16. ட்ரவுட் 2023 நவம்பர்ல இருந்து ஆளுக்கு 15, 13ல இருந்து 20 இன்ச் வரைக்கும், அந்த 15ல ரெண்டு மட்டும் 20க்கு மேல இருக்கலாம். விதி மாறிக்கிட்டே இருக்குறதால கிளம்புறதுக்கு முந்தின நாள் மாநில வனவிலங்கு மீன்வளத் துறை போட்டிருக்குறத ஒரு தடவ பாத்துடுங்க.

ஏன் இறுக்குனாங்கன்னு தெரிஞ்சா உங்க நண்பரும் ஒத்துக்குவார். ரெட்ஃபிஷ் குஞ்சா கழிக்குள்ள வந்து, மூணு நாலு வருஷம் இங்கயே வளர்ந்து, 27 இன்ச் கிட்ட பருவத்துக்கு வந்ததும் வெளிக்கடலுக்குப் போயிடும், அங்க 40 வருஷம் வரைக்கும் கூட உயிரோட இருந்து முட்டை போடும். யாருமே பிடிக்கலேன்னா கழியில இருந்து கடலுக்குப் போயிருக்கக்கூடிய மீன்ல நூத்துக்கு 30 ஆவது தப்பிப் போகணும்னு மாநிலம் கணக்கு வச்சிருக்கு, 2022 ஆய்வுல அது அதுக்கும் கீழ போயிருந்துச்சு. இந்த மீன் ஏற்கனவே ஒரு தடவ பட்டிருக்கு, 1980கள்ல நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் ப்ரூதோம் மசாலா தடவி இரும்புச் சட்டியில கருக வறுத்த ரெட்ஃபிஷ் நாடு பூரா பரவி, வெளிக்கடல்ல பெரிய மீனுங்கள வலை வச்சு டன் கணக்குல அள்ளிட்டாங்க, அப்புறம்தான் தடை வந்துச்சு. 2007 அக்டோபர்ல ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்துப் போட்ட ஆணை ஒண்ணும் இந்த மீன காப்பாத்தத்தான். அதனால பெருசு ஒண்ணு மாட்டுனா சந்தோஷமா போட்டோ எடுங்க, ஆனா கைய நனைச்சுக்கிட்டு, வயித்துக்குக் கீழ கை குடுத்து படுக்கவாக்குல தூக்கி, தண்ணிக்கு மேலயே வச்சு எடுத்துட்டு உடனே விட்டுடுங்க. தாடையப் பிடிச்சுத் தொங்கவிட்டு படம் எடுக்குறதப் பாத்தாலே எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

கே: எனக்கு நீச்சல் தெரியாது, பையனுக்கு 9 வயசு. பயமா இருக்கு, போகலாமா?

ப: தாராளமா போகலாம். கழிக்குள்ள பெரிய அலை கிடையாது, நிறைய இடத்துல தண்ணி இடுப்பளவு கூட இல்ல, வாந்தி வர்றதும் அபூர்வம். 26 அடிக்குச் சின்ன படகு ஓடும்போது 16 வயசும் அதுக்குக் கீழயும் இருக்குறவங்க லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும்னு அங்க சட்டமே இருக்கு, பையன் சைஸுக்கு இருக்கான்னு முன்னாடியே கேளுங்க, நீங்களும் போட்டுக்குங்க. நான் பயப்படுறது மூணு விஷயத்துக்கு. இடி சத்தம் கேட்டா "இன்னும் ரெண்டு வீச்சு"ன்னு கைட வற்புறுத்தாதீங்க. ஹார்டுஹெட்னு ஒரு கெளுத்தி மாட்டும், அது முள்ளுல விஷம், பையன தொட விடாதீங்க. கால்ல கையில ஆறாத புண் இருந்தா வெதுவெதுப்பா இருக்குற அந்த உப்புத் தண்ணியில படாம பாத்துக்குங்க, விப்ரியோன்னு ஒரு பாக்டீரியா இருக்கு, சர்க்கரை வியாதி, கல்லீரல் கோளாறு உள்ளவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்தா முடியலாம்.

கே: ரெட்ஃபிஷ் குழம்புக்கு ஆகுமா?

ப: அருமையா ஆகும், நம்ம கத்தாழை மீன் குடும்பம்தானே அது. கரையில கைடே வெட்டிக் குடுப்பார், ஆனா அங்க தோல் நீக்கின சதைத் துண்டு மட்டும்தான் வழக்கம், தலையும் நடுமுள்ளும் தண்ணிக்குப் போயிடும். தலை வேணும்னு காலையிலயே சொல்லி வைங்க. படகுல வச்சே வெட்டித் தரச் சொல்லாதீங்க, கரை சேர்ற வரைக்கும் மீன் முழுசா இருக்கணும்கிறது விதி. சதையில சிவப்பா ஓடுற பாகத்த எடுத்துட்டா கவுச்சி போயிடும்.

கே: எட்டு வருஷம் கழிச்சு அதே கைடு கூடப் போனேன். முன்னாடி நாங்க கரையேறி சாப்பிட்ட திட்டு இப்ப இல்ல, மேப்ல நிலம்னு காட்டுற இடத்துல படகு போகுது. என்னாச்சு? – ஒரு வாசகர், அட்லாண்டா

ப: போயிடுச்சு. 1932ல இருந்து 2016 வரைக்கும் லூசியானா கடற்கரை சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் நிலத்த இழந்திருக்கு. இந்தக் கழியெல்லாம் மிசிசிப்பி ஆறு ஆயிரக்கணக்கான வருஷமா கொண்டு வந்து கொட்டுன வண்டல். 1927 பெருவெள்ளத்துக்கு அப்புறம் ஆத்துக்கு ரெண்டு பக்கமும் கரைய உயர்த்திக் கட்டுனாங்க, ஊரு பிழைச்சுது, வண்டல் கழிக்கு வராம நேரா ஆழ்கடலுக்குப் போக ஆரம்பிச்சுது. பழைய சேறு தானா அமுங்கும், புதுசு வந்து ஏறுனாதான் மட்டம் நிக்கும். அதோட எண்ணெய்க் கம்பெனிங்க கிணத்துக்குப் போக நேர்கோடா வெட்டுன வாய்க்கா வழியா உப்புத் தண்ணி உள்ள போய் புல்லு வேர் செத்துச்சு, 2005 கத்ரீனா, 2021 ஐடா மாதிரி புயலுங்க மிச்சத்தப் பிச்சுக்கிட்டுப் போச்சு.

மீன் பிடிக்கிறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. திட்டு உடைய உடைய புல்லு ஓரம் அதிகமாகும், இறாலும் மீனும் வாழுறது அந்த ஓரத்துலதான், அதனால கழி அழியற காலத்துல கொஞ்ச வருஷம் மீன் நல்லாவே கிடைக்கும். "இன்னும் நல்லாத்தானே கடிக்குது"ன்னு நாம நிம்மதியா இருப்போம். ஓரமும் கரைஞ்சு வெறும் திறந்த தண்ணியா ஆனப்புறம்தான் குறையறது தெரியும், அப்ப குஞ்சு ஒளியறதுக்குப் புல்லே இருக்காது. 2014ல இருந்து நியூ ஆர்லியன்ஸ் ஓட்டல்கள்ல மிச்சமாகுற சிப்பி ஓட்ட சேகரிச்சு, கரை அரிக்கிற இடங்கள்ல திட்டு மாதிரி போடுறாங்க, அந்த வேலைக்கும் புல்லு நடுறதுக்கும் தன்னார்வலர்கள சேத்துக்குறாங்க. அடுத்த தடவ போகும்போது ஒரு நாள் தூண்டிலுக்கு, ஒரு நாள் அதுக்குன்னு வச்சுக்குங்க, எங்க எப்ப நடக்குதுன்னு உங்க கைடுக்கே தெரிஞ்சிருக்கும்.