மேசையை எந்தத் தெருவில் போடுவது?

அன்புள்ள ஐயா,

மேலூர் அருகே எங்கள் ஊரில், காலனிப் பிள்ளைகளுக்காக இலவச இணைய மையம் தொடங்க நண்பர்கள் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். நான்கு கணினிகளுக்குப் பணம் சேர்ந்துவிட்டது. மந்தை அருகே உறவினர் ஒருவர் இடம் தருகிறார். ஆனால், செல்போனில் வீடியோ பார்த்தே பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள், நாம் வேறு இணையத்தைக் கொடுக்க வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்கிறார். உங்கள் கருத்து என்ன?

ச., மேலூர்

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் வீட்டுப் பிள்ளையும் அதே வீடியோவைத்தான் பார்க்கிறது. அதற்காக அவர் தன் வீட்டு இணைப்பைத் துண்டித்துவிடவில்லை. அவரை விடுங்கள்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ‘மந்தை அருகே’ என்பதுதான் என்னை உறுத்துகிறது. மந்தை ஊர்த்தெருவின் பொதுத்திடல், தலித் மக்கள் வாழும் காலனியின் இடமல்ல. உங்கள் மேலூர் வட்டாரத்தில்தான் 2001 வாக்கில் சென்னை ஐஐடியும் அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ‘சாரி’ என்ற திட்டத்தில் கிராம இணைய மையங்களைத் திறந்தன. ஐஐடியில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணைப்பு வந்தது. சான்றிதழ்களுக்கு அங்கிருந்தே விண்ணப்பித்தார்கள், கண்ணைப் படமெடுத்து அனுப்பி மதுரை அரவிந்த் மருத்துவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். பின்னர் பெரும்பாலானவை மூடப்பட்டன. அதன் காரணங்கள் இங்கே வேண்டாம். திட்டத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: வந்தவர்களில் பெரும்பாலோர் படித்த, ஓரளவு வசதியுள்ள இளைஞர்கள், தலித் குடியிருப்பை ஒட்டி மையம் அமைந்த இடங்களில்தான் தலித் மக்களின் வரவு கூடியது.

வீட்டுத் திண்ணையை ஒட்டி நடந்த அப்படியொரு கணினி மையத்தை அந்நாட்களில் நானே பார்த்திருக்கிறேன். காலனியிலிருந்து வந்த பெண் படிக்குக் கீழே நின்றபடி மதிப்பெண் பட்டியலை நீட்டினாள். உள்ளே இருந்தவர் தட்டச்சு செய்து, அச்சான தாளை வெளியே நீட்டினார். பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காராதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. விசைப்பலகையில் அவள் விரல் படாமலேயே அவளுக்கு ‘இணைய வசதி’ கிடைத்துவிட்டது.

2016க்குப் பிறகு டேட்டா மலிவாகி ஆளுக்கொரு போன் வந்ததும் இது தீர்ந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் புகைப்படத்தையும் கையெழுத்தையும் சொன்ன அளவில் பதிவேற்ற வேண்டிய நாளில், அந்தப் பிள்ளைகள் இன்றும் ஊருக்குள் இருக்கும் கடைக்குத்தான் வருகிறார்கள். அவர்களுடைய கடவுச்சொல் கடைக்காரரின் நோட்டில் இருக்கிறது.

இடம் தருபவர் நல்லவராகவே இருக்கட்டும். நன்றி சொல்லிவிட்டு, காலனிக்குள் ஓர் அறையை வாடகைக்குப் பிடியுங்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் அங்கே நடந்து வரட்டும், கால் தேய்ந்துவிடாது. சாவி காலனியிலேயே படித்த ஒரு பெண்ணின் கையில் இருக்கட்டும். சேவை என்று சொல்லி ஏய்க்காமல் அவளுக்குச் சம்பளம் கொடுங்கள். கணினி நான்கா, இரண்டா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.