சுருள்பாசி பற்றிக் கேளுங்கள்

கேள்வி: அண்ணா, மொட்டை மாடியில் சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, வளர்க்கலாமா?

தாராளமாக. விதைபோல் முதலில் விடும் உயிர்ப்பாசியை (தாய்க் கல்ச்சர்) நம்பகமான ஆய்வகத்தில் வாங்குங்கள். சமையல் சோடா கரைத்த காரத் தண்ணீர், காரத்தின் அளவான பிஎச் 10-ஐ ஒட்டி, 30 முதல் 35 டிகிரி வெப்பம், மேலே நிழல் வலை, அடிக்கடி கலக்கிவிட ஆள். அந்தக் காரத்தில் மற்ற பாசிகள் பெரும்பாலும் பிழைக்காது, அதனால் பிஎச்சை இறங்கவே விடாதீர்கள். இழை இழையாக இருப்பதால் நெருக்கமான துணியிலேயே வடிக்கலாம். குளோரெல்லா என்ற நுண்ணிய உருண்டைப் பாசிக்கு அது நடக்காது.

கேள்வி: எங்கள் ஏரியில் பச்சையாகப் படர்ந்திருக்கிறதே, அதைக் காயவைத்தால்?

வேண்டவே வேண்டாம். அது மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப் பாசியாக இருக்கலாம், அதன் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது.

கேள்வி: முட்டைக்குப் பதிலாகுமா? வைட்டமின் பி12 கிடைக்குமா?

காய்ந்த பொடியில் சுமார் 60 சதவீதம் புரதம். ஆனால் 5 கிராம் பொடியில் 3 கிராம்தான், ஒரு முட்டையில் 6. சுருள்பாசியில் உள்ள பி12 பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத போலி வகை.

கேள்வி: பாசியில் டீசல் எடுக்கலாமாமே, எண்ணெய்க் கம்பெனிகள் அமுக்கிவிட்டன என்கிறார்களே?

யாரும் அமுக்கவில்லை. அமெரிக்க அரசே 1978 முதல் 1996 வரை இதை ஆராய்ந்தது. 2009-ல் எக்ஸான்மொபில் என்ற எண்ணெய்க் கம்பெனியே 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்து இறங்கி, கடைசியில் விலகியது. சிக்கல் பாசியின் உடம்பிலேயே இருக்கிறது: நைட்ரஜனைக் குறைத்துப் பட்டினி போட்டால்தான் எண்ணெய் சேர்க்கும், பட்டினி போட்டால் வளர்ச்சி நின்றுவிடும். அப்புறம் தண்ணீர். தொட்டியில் லிட்டருக்கு அரை கிராம் பாசி என்றால் ஒரு கிலோவுக்கு 2000 லிட்டரை வடிக்க வேண்டும், அந்தச் செலவை உணவு விலை தாங்கும், டீசல் விலை தாங்காது.

கேள்வி: கண்ணாடிக் குழாயில் அடர்த்தியாக வளர்த்தால்?

அடர்த்தி கூடும், சரி. பம்புக்கும் குளிரூட்டவும் மின்சாரம் யார் தருவது? சுருள்பாசியில் கொழுப்பே பத்து சதவீதத்துக்குள்தான், அதை எரிபொருளாக்க நினைப்பதே வீண். புரதத்துக்கு வளருங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் ஏரியிலிருந்தே அள்ளித் தின்கிறார்களே, நம் ஏரியில் ஏன் கூடாது?

கானெம் பகுதிப் பெண்கள் அள்ளுவது உவர்சோடா என்ற கார உப்பு நிறைந்த குட்டைகளில், தலைமுறைகளாகத் தெரிந்த இடங்களில். காயவைத்து 'திஹே' என்று குழம்பில் போடுகிறார்கள். நம் ஏரி அந்த மாதிரியா?

கேள்வி: கோயில் குளத்துப் பாசி?

ஏரிக்குச் சொன்னதேதான். கூடாது.

கேள்வி: என் குழந்தைக்கு ஃபீனைல்கீட்டோனூரியா, கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் அம்மா, இந்த நோய் உள்ளவர்களின் உடம்பு சிதைக்க முடியாத ஃபீனைல்அலனின் என்ற புரதக் கூறு இதில் உண்டு. எந்தப் புரதம் எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.